கவுச்பேஸ் எலாஸ்டிக்சர்ச் கனெக்டர்: ஓடிக்கொண்டே இருக்கும், டாக்குமென்ட் மட்டும் குறையும்

கவுச்பேஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கும் டேட்டாவை எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் எஞ்சினில் தேட வைக்க முன்பு இருந்தது ஒரு பிளகின். எலாஸ்டிக்சர்ச்சுக்குள்ளேயே உட்கார்ந்து 9091 போர்ட்டில் காத்திருக்கும். எக்ஸ்டிசிஆர் (கவுச்பேஸ் டேட்டாவை வேறிடத்துக்கு நகலெடுக்கும் வசதி) அமைப்பில் புரோட்டோகாலை வெர்ஷன் 1 என்று மாற்ற மறந்தால் ஒன்றும் நகராது. 4.0-இல் அதைத் தூக்கிவிட்டுத் தனி புராசஸாக ஓடும் கனெக்டராக்கி, டிசிபி (மாற்றங்களை வரிசையாக அனுப்பும் கவுச்பேஸ் புரோட்டோகால்) வழியே படிக்க வைத்தார்கள். நல்ல முடிவு.

குறை ஒன்று உண்டு, அது சின்னதல்ல. பர்மிஷன் தப்பென்றால் தொடக்கத்திலேயே கத்திவிடும் (டேட்டா இருக்கும் மூல பக்கெட்டுக்கு டிசிபி ரீடர், எதுவரை படித்தோம் என்ற குறிப்பான செக்பாயின்ட்டை வைக்கும் பக்கெட்டுக்கு டேட்டா ரீடரும் ரைட்டரும் வேண்டும்). டாக்குமென்ட் விட்டுப்போனால் மட்டும் மூச்சுகூட விடாது.

வேலை விபக்கெட்டுகளாக (பக்கெட்டின் உட்பிரிவுகள், பெரும்பாலும் 1,024) பங்கு பிரிகிறது. கனெக்டரின் அமைப்புகள் இருக்கும் டாமல் ஃபைலில் மொத்த மெம்பர் (ஒன்றாக ஓடும் கனெக்டர் புராசஸ்கள்) 3 என்று எழுதிவிட்டு இரண்டை மட்டும் ஓட்டினால், மூன்றில் ஒரு பங்கை எடுக்க ஆளே இருக்காது. லாகில் எரர் இல்லை, விட்டுப்போவதும் எப்போதும் அதே ஐடிகள் என்றால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். மாற்றுவதற்கு முன் எல்லா மெம்பரையும் நிறுத்த வேண்டும்.

அடுத்தது டைப் விதிகள், அதாவது எந்த ஐடி உள்ள டாக்குமென்ட் எந்த இன்டெக்ஸுக்குப் போகும் என்பவை. முதலில் பொருந்துவதுதான் செல்லும். எல்லா ஐடிக்கும் பொருந்தும் காலி பிரிஃபிக்ஸ் விதியை மேலே வைத்தால் கீழே இருப்பதெல்லாம் வெறும் அலங்காரம். வரிசையைத் திருத்தியபின்னும் பழைய டாக்குமென்ட் வராது, செக்பாயின்ட் அவற்றைத் தாண்டிப் போயிருக்கும். கனெக்டரை நிறுத்தி, சிபிஇஎஸ்-செக்பாயின்ட்-கிளியர் ஓட்டி, மறுபடி தொடங்குங்கள். அதோடு கேட்ச்-அப் ஆப்ஷனைச் சேர்த்துவிடாதீர்கள். அது செக்பாயின்ட்டை இந்த நிமிடத்துக்குத் தள்ளிவிடும், பழையது வரவே வராது.

எலாஸ்டிக்சர்ச் ஏற்காத டாக்குமென்ட்டுகள் பதிவாகும் சிபிஇஎஸ்-ரிஜெக்ட்ஸ் இன்டெக்ஸைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. "எடை" ஃபீல்டில் முதலில் 250 வந்தால் டைனமிக் மேப்பிங் (ஃபீல்டின் டைப்பைத் தானே ஊகிக்கும் வசதி) அதை எண் என்று பதிந்துகொள்ளும். பிறகு "தெரியாது" என்று வரும் டாக்குமென்ட்டை 400 (தவறான கோரிக்கை) சொல்லித் தள்ளிவிடும். இருக்கும் ஃபீல்டின் டைப்பை மாற்ற முடியாது. மேப்பிங்கை நீங்களே எழுதிப் புது இன்டெக்ஸ் உருவாக்கி ரீஇன்டெக்ஸ் செய்ய வேண்டியதுதான். 429 (எலாஸ்டிக்சர்ச்சுக்குச் சுமை அதிகம்) வேறு சமாசாரம், கனெக்டரே மறுபடி முயலும். அடிக்கடி வந்தால் ஒரே நேரத்தில் போகும் பல்க் (மொத்தமாக எழுதும்) கோரிக்கைகளை 2-லிருந்து 1 ஆக்கிப் பாருங்கள்.

முதல் லோடுக்கு எலாஸ்டிக்சர்ச் இன்டெக்ஸில் ரெப்ளிகா (கூடுதல் நகல்) 0, ரிஃப்ரெஷ் (எழுதியதைத் தேடலுக்குக் காட்டும் இடைவெளி) -1, அதாவது நிறுத்தம், என்று வைத்தால் வேகம் கூடும். முடிந்ததும் பழையபடி மாற்றுங்கள், இல்லையென்றால் எழுதியது தேடலில் தெரியாது.

இரண்டு பக்க எண்ணிக்கையும் அச்சாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விபக்கெட்டுக்கு ஒன்றாகச் செக்பாயின்ட் டாக்குமென்ட்டும் மூல பக்கெட்டிலேயே சேருகிறது. செக்பாயின்ட்டுக்கென்று வேறு மெட்டாடேட்டா பக்கெட் கொடுத்தால் அந்தக் குழப்பம் தீரும்.