திருவனந்தபுரமா, சென்னையா, ஊர்க் கானமேளாவா?

ஒரு ராத்திரி முழுக்க நேரில் பேண்ட் வாசிக்கக் கேட்கணும், எங்கே போகலாம்? நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். திருவனந்தபுரம், சென்னை, ஊர்த் திருவிழாவில் நடக்கிற கானமேளா என்ற பாட்டுக் கச்சேரி, மூன்றுக்கும் போய் வந்தவன் என்பதால் சொல்கிறேன். பெரும்பாலும் அக்கா மகனோடுதான் போவேன். பிளஸ் டூ படிக்கிறான், பேட் (தட்டி வாசிக்கிற மின்னணுத் தாளக் கருவி) வாசிக்கப் பழகுகிறான். பாடகர் முகத்தை நிம்மதியாகப் பார்க்க விடமாட்டான். “மாமா, அந்த அண்ணனுக்க கையப் பாருங்க” என்று தோளைத் தட்டிக்கொண்டே இருப்பான். இப்போது எனக்கும் அதுதான் அளவுகோல். வாசிக்கிற கை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்க முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

முதலில் திருவனந்தபுரம். ஆவணியில் கேரள அரசின் ஓணம் வாரம் நடக்கும்போது நகரமே ஒரு மேடை மாதிரி ஆகிவிடும். கனகக்குன்னு அரண்மனை வளாகத்தில் ஒன்று, அதை ஒட்டிய நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் ஒன்று, இன்னும் பல இடங்களில் வேறு வேறு. ஒரு மேடை பிடிக்கவில்லையென்றால் அடுத்ததற்கு நடந்துவிடலாம். இந்த நடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கம் செண்டை, கொஞ்ச தூரம் போனால் கிட்டார், வழி நெடுக சீரியல் பல்பு வெளிச்சம். அவியல் என்ற பேண்ட் 2003-இல் உருவானது அந்த ஊரில்தான். மலையாள வரிகளை ராக் இசையில் துணிந்து பாடியவர்கள். அந்தத் துணிச்சலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் கூட்டம் இப்போதும் மேடைக்கு முன்னால் நிற்கிறது. பாட்டு தெரிந்த கூட்டத்துக்கு நடுவே நின்று கேட்பது தனிச் சுகம். மொழியும் நமக்குத் தடையில்லை. 1956 வரை அந்தப் பக்கத்தோடு ஒன்றாக இருந்தவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நாம். திருவோணத்துக்கு நம் மாவட்டத்திலும் உள்ளூர் விடுமுறை உண்டு.

தூரம் 70 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஓணம் நாளில் பாலராமபுரம் தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும். கார் வேண்டாம், பஸ்ஸில் போங்கள். தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கி, திரும்ப அங்கிருந்தே ஏறிக்கொள்ளலாம். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். மழை மட்டும் கையில் இல்லாத விஷயம். ஒருமுறை நிசாகந்தியில் மூன்றாவது பாட்டிலேயே கொட்டித் தீர்த்தது. ஒயர்களை மூடிவிட்டுப் பையன்கள் ஓரமாக நின்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்து மீண்டும் வந்து வாசித்தார்கள். நனைந்தபடியே நாங்களும் கேட்டோம்.

சென்னைக்கு டிசம்பரில் போகலாம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’ அதற்குப் போதுமான காரணம். சபாக்களில் கர்நாடக சங்கீதம் நிறைந்திருக்கும் அதே மாதத்தில் கானாவையும் பறையையும் ஒப்பாரியையும் பெரிய மேடையில், நல்ல ஒலி அமைப்போடு கேட்கிறோம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதனால் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இசையின் கனத்தை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம்.

ஆனால் அதை ஒரு ராத்திரி என்று சொல்ல முடியாது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் மறுநாள் காலை எழும்பூர். கேட்டு முடித்துத் திரும்பி வர இன்னொரு ராத்திரி. 2024 ஆகஸ்டில் தொடங்கிய வந்தே பாரத் வேகமானதுதான். ஆனால் நாகர்கோவிலில் மதியத்துக்குப் பிறகு கிளம்பி இரவு பதினொரு மணியை ஒட்டிப் போய்ச் சேருகிற வண்டி, அன்றைய நிகழ்ச்சிக்கு உதவாது. சொந்தக்காரர் வீடு இருந்தால், இரண்டு நாள் லீவு கிடைத்தால் போய் வாருங்கள்.

இனி ஊர்க் கானமேளா. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் கானமேளா என்பார்கள், கிழக்கே இன்னிசைக் கச்சேரி. கோயில் விழாவோ பங்குத் திருவிழாவோ, நோட்டீஸில் கடைசி நாட்களைப் பாருங்கள், இருக்கும். நம் ஆட்கள் இதைப் பேண்டாகவே கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். ட்ரம்ஸ், பேஸ் கிட்டார், இரண்டு கீபோர்டு, தபேலா, புல்லாங்குழல் எல்லாம் அங்கேயும் இருக்கிறது. ரிகர்சல் பார்க்க நேரமில்லாமல் நாலு மணிக்கு வேனில் வந்து இறங்கி, ஏழு மணிக்கு ஐம்பது வருடப் பாட்டுகளை வரிசையாக வாசிக்கிற கைகள் அவை. பிள்ளைகள் மேடைக் கம்பைப் பிடித்துக்கொண்டே நின்று பார்க்கலாம். அக்கா மகன் பேட் படிக்க ஆசைப்பட்டதே அப்படி நின்ற ஒரு ராத்திரியில்தான்.

ஒன்றை மட்டும் கமிட்டிக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: லைவா, ட்ராக்கா (முன்பே பதிவு செய்த இசையா)? செலவைக் குறைக்க ட்ராக் போட்டுப் பாடுகிற குழுக்கள் கூடிவிட்டன. நல்ல குரல் இருக்கலாம், அது வேறு. நாம் தேடிப் போகிற கைகள் அங்கே இருக்காது. அப்புறம் நேரம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. விழா நாட்களில் அரசு அனுமதித்தால் மட்டும் நள்ளிரவு வரை. வரவேற்புரை, பரிசளிப்பு என்று இழுத்தால் கடைசியில் வெட்டுப்படுவது பாட்டுதான். கமிட்டியில் இருப்பவர்கள் தயவுசெய்து பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கிற கொடை விழாவில் வில்லுப்பாட்டு இருந்தால் விடாதீர்கள். வில், குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா என்று இதுவும் ஒரு பேண்ட்தான், நம் மண்ணின் பேண்ட். குடம் அடிக்கிறவர் கையைப் பார்த்து அக்கா மகன் அரைமணி நேரம் வாய் திறக்கவில்லை.

எந்த மேடையானாலும் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காதீர்கள், காது போய்விடும். ஒலியைச் சரிசெய்கிற மிக்ஸர் கருவி வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போங்கள். அதை இயக்குகிறவர் தன் காதுக்கு எப்படிச் சரிசெய்கிறாரோ அப்படியே உங்களுக்கும் கேட்கும். கை பார்க்கணும் என்றால் ஓரமாக, ட்ரம்ஸ் இருக்கிற பக்கம்.

ஒரே ஒரு ராத்திரிதான் கிடைக்கும் என்றால் என் ஓட்டு திருவனந்தபுரத்துக்கு. ஆனால் கூட ஒரு பத்து வயதுப் பிள்ளை வருகிறது என்றால் ஊர்க் கானமேளாவுக்கே கூட்டிப் போவேன், மேடைக் கம்புக்குப் பக்கத்தில்.