சட்டம் படிக்க அரசுக் கல்லூரியா, தேசியப் பல்கலையா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் என் ஆபீசுக்கு வரும் போன்களில் பாதி, வழக்கு சம்பந்தப்பட்டதாக இருக்காது. "சார், பொண்ணு லா படிக்கணும்னு நிக்கிறா. எங்க சேக்கலாம்?" என்று கட்சிக்காரரோ கட்சிக்காரரின் சம்பந்தியோ கேட்பார். நான் சொல்லும் முதல் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை: இப்போது கேட்டால் ஒரு வாசல் ஏற்கெனவே மூடியாயிற்று.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு முந்தைய டிசம்பரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. 2 மணி நேரம், 120 கேள்விகள், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நீள நீளமான ஆங்கிலப் பத்திகளைக் கடகடவென்று படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெங்களூரு நாகர்பாவியில் இருக்கும் நேஷனல் லா ஸ்கூலுக்கும், திருச்சி நாவலூர்குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் ஐந்தாண்டுப் படிப்பில் சேர இதுதான் வழி. அரசு சட்டக் கல்லூரிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ரிசல்ட் வந்த பிறகு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள், 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி கவுன்சலிங் நடக்கும். டிகிரி முடித்துவிட்டுச் சேரும் மூன்றாண்டு படிப்பென்றால் டிகிரி மதிப்பெண். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதே பல்கலைக்கழகம் சென்னையில் நேரடியாக நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளி. அங்கேயும் மதிப்பெண்தான், நுழைவுத் தேர்வு இல்லை. கட் ஆஃப் கூடுதல், கட்டணமும் கூடுதல், பட்டத்தில் 'ஹானர்ஸ்' என்று சேர்த்துப் போடுவார்கள்.

பணத்தை முதலிலேயே பேசிவிடலாம். அரசுக் கல்லூரியில் ஆண்டுச் செலவு ஆயிரங்களில் முடியும். தேசியப் பல்கலையில் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து லட்சங்களில் போகும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிளாட் பயிற்சி தந்து, சேர்ந்த பிறகும் கைகொடுக்க 2010இல் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 'ஐடியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் 2019இல் இறந்துவிட்டார், அமைப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இப்போதே விசாரித்து வையுங்கள்.

நான் அரசுக் கல்லூரியில் படித்தவன், அதுவும் மூன்றாண்டு படிப்பு. இனி சொல்வதில் அந்தச் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

என் வகுப்பில் ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார் ஒருவர் இருந்தார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே படித்த அக்கா ஒருவர், தொழிற்சங்கத்துக்காரர் இரண்டு பேர், தினமும் இரண்டு பஸ் மாறி வரும் பையன்கள் பத்துப் பதினைந்து பேர். நூலகத்தில் புதிய புத்தகம் குறைவு. இருந்த ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுதிகளில் நமக்கு வேண்டிய பக்கம் மட்டும் கிழிந்திருக்கும். சொத்துச் சட்ட வகுப்பில் எனக்குப் புரியாத பட்டாவையும் சிட்டாவையும் அந்தத் தாசில்தார் ஐயா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பழைய லாட்டரிச் சீட்டின் பின்பக்கத்தில் நான்கு எல்லை வரைந்து புரியவைத்தார். "பத்திரம் வேற, பட்டா வேற தம்பி. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறவன்தான் கோர்ட்டுக்கு வர்றான்" என்பார். அந்த மாதிரி வகுப்புத் தோழரைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மட்டுமே இருக்கும் விடுதி வளாகத்தில் நீங்கள் பார்க்க முடியாது.

தேசியப் பல்கலையில் வேறு விதமான வாழ்க்கை. நேஷனல் லா ஸ்கூலைத் தொடங்கிய மாதவ மேனன் 1988இல் பெங்களூரில் முதல் அணியைச் சேர்த்தபோது, ஐந்து ஆண்டும் வளாகத்திலேயே தங்கிப் படிப்பதை அடிப்படையாக வைத்தார். செமஸ்டர் கிடையாது, ஆண்டுக்கு மூன்று பருவம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆய்வுக் கட்டுரை எழுதி, ஆசிரியர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அதை நிலைநாட்ட வேண்டும். மாதிரி நீதிமன்றத்தில் வாதாடும் மூட் கோர்ட் போட்டி வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு 'மெமோரியல்' என்ற எழுத்து வாதம் தயாராகும், அடிக்குறிப்பில் புள்ளி தப்பினால்கூடச் சீனியர் மாணவர் விடமாட்டார். சலிப்பூட்டும் ஒழுங்குதான். ஆனால் இந்தப் பழக்கம் இருபது வயதில் வராவிட்டால் அப்புறம் வருவது கஷ்டம், எனக்கு வரவில்லை. வழக்காட நல்ல வக்கீல்களை உருவாக்கத்தான் அந்தப் பள்ளி தொடங்கப்பட்டது. படித்து வந்தவர்களில் பெரும் பங்கு கார்ப்பரேட் நிறுவனங்களுக்குப் போனது தனிக்கதை.

அரசுக் கல்லூரியின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2008 நவம்பர் 12 அன்று சென்னை சட்டக் கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் சாதி அணிகளாகப் பிரிந்து அடித்துக்கொண்டதையும், போலீஸ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததையும் தொலைக்காட்சியில் நாமெல்லாம் பார்த்தோம். அந்த நிழல் எந்தக் கல்லூரியில் எவ்வளவு இருக்கிறது என்பதை இப்போது படிக்கும் மாணவர்களிடம், குறிப்பாக மாணவிகளிடம், தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரின்சிபால் சொல்லமாட்டார்.

அப்புறம், தூரம். 1891இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே, ஹென்றி இர்வின் வடிவமைத்த சிவப்புக் கட்டடத்தில் இருந்தது. மூன்றாம் பீரியடை வெட்டிவிட்டு நடந்து போனால் பெரிய சீனியர் வாதாடுவதைக் கேட்டுவிட்டு வரலாம். 2018இல் அந்தக் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டறைபெரும்புதூருக்கும் பிரிந்து போனது. கட்டடம் புதிது, காற்றோட்டம் நல்லது, நீதிமன்றம் மட்டும் பஸ் ஏறிப் போகும் தூரத்தில். திருச்சி தேசியப் பல்கலையும் ஊருக்கு வெளியேதான். இந்த ஒரு விஷயத்தில் சேலம், நெல்லை, கோவை மாதிரி ஊர்களின் அரசுக் கல்லூரி மாணவனுக்கு இன்னும் வசதி உண்டு: கல்லூரி விட்டதும் ஒரு சீனியர் ஆபீசில் போய் உட்காரலாம். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி ஐந்தாண்டு மாணவருக்குக் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டு மாணவருக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையைப் பார்த்து எழுத வேண்டும் என்பதும் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் அந்த ரெக்கார்ட் நோட்டை ஒருவர் எழுத, நாற்பது பேர் காப்பியடிப்பதை என் காலத்தில் பார்த்தேன். சரி, நானும் அந்த நாற்பதில் ஒருவன்.

ஆராய்ச்சி என்று வந்தால் போட்டியே இல்லை என்பார்கள். தீர்ப்புகளைத் தேடும் டேட்டாபேஸ் சந்தா, மாணவர்களே பதிப்பிக்கும் ஆய்விதழ், வெளிநாட்டுப் பேராசிரியர் உரை எல்லாம் தேசியப் பல்கலையில். அரசுக் கல்லூரியில் எல்.எல்.எம். என்ற முதுநிலைப் படிப்பின் ஆய்வேடு கறுப்பு அட்டை போட்டு பைண்டு பண்ணி அலமாரிக்குப் போகும். இதைப் பெருமளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். டெல்லி தேசியச் சட்டப் பல்கலையின் ஆசிரியர்களும் மாணவர்களும் நாடு முழுக்கச் சிறை சிறையாகப் போய், மரண தண்டனை பெற்ற 385 பேரில் 373 பேரையோ அவர்கள் குடும்பத்தையோ பார்த்துப் பேசி 2016இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்பது அதில் தெரிந்தது. அதுவரை ஊகமாகப் பேசியதற்கு எண்ணிக்கை கிடைத்தது. இந்த வேலைக்கு ஆளும் பணமும் சிறைக்குள் போக அனுமதியும் வேண்டும், சாதாரணக் கல்லூரியால் ஆகாது.

ஆனால் எனக்கு இன்னொன்று ஞாபகம் வரும். மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் பலாத்காரம் செய்யப்பட்ட பழங்குடிப் பெண் மதுராவின் வழக்கில், உடம்பில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். டெல்லி, பூனா பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்திய ஆசிரியர்கள். அன்றைக்குத் தேசியச் சட்டப் பல்கலை என்ற சொல்லே கிடையாது. அந்தத் தீர்ப்பை வரிவரியாகப் படித்து, எங்கே தர்க்கம் உடைகிறது என்று காட்டியதுதான் அவர்கள் செய்த ஆராய்ச்சி. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், 1983இல் பலாத்காரம் பற்றிய சட்டம் திருத்தப்பட்டது. டேட்டாபேஸ் இல்லாததால் ஆராய்ச்சி இல்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்வேன்.

இனி மக்களோடு இருக்கும் தொடர்பு. எல்லாக் கல்லூரியிலும் இலவச சட்ட உதவி மையம் என்று ஒரு போர்டு இருக்கும். நவம்பர் 9, தேசியச் சட்டப் பணிகள் தினத்தன்று முகாம் நடக்கும், போட்டோ எடுப்பார்கள். ஒரு கிராமத்து முகாமில் நான் பார்த்தது: சமுதாயக்கூடத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி. இறுதியாண்டு மாணவி ஒருத்தி மைக்கில், 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்று சரியாகவே சொன்னாள். முன் வரிசைப் பாட்டி ஒருவர் மஞ்சப்பையிலிருந்து ரேஷன் கார்டையும், மடித்து மடித்துக் கிழிந்த ஒரு பத்திர நகலையும் எடுத்து நீட்டி, "இந்த மனுவ எங்க குடுக்கணும் கண்ணு?" என்றார். மாணவி அந்த நகலைத் தலைகீழாகப் பிடித்தபடி பேராசிரியரைப் பார்த்தாள். தாலுகா சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் அங்கிருந்து மூன்றாவது ஸ்டாப். அந்தக் கூடத்தில் அதைச் சொன்னவர் டீ கொண்டுவந்த பையன்.

இந்த விஷயத்தில் தமிழ் பெரிய வித்தியாசம் செய்கிறது. நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும் வளாகத்தில், பாட்டியின் பேச்சைக் கேட்டு மனுவாக எழுதும் வேலையை ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர்தான் சுமக்க வேண்டியிருக்கும். மாவட்டக் கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசுவார், குறுக்கு விசாரணையும் தமிழில் நடக்கும். அரசுக் கல்லூரியில் படித்தவனுக்கு இதைத் தனியாகக் கற்றுத் தர வேண்டியதில்லை.

என் ஆபீசில் இரண்டு ஜூனியர்கள். ஒருத்தி தேசியப் பல்கலை, ஒருவன் அரசுக் கல்லூரி. பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் ஒரே ராத்திரியில் பதினாலு பக்கக் குறிப்பும், எதிர்த்தரப்பு காட்டிய தீர்ப்பு ஏன் நமக்குப் பொருந்தாது என்பதையும் அவள் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். அதே வழக்கில் வில்லங்கச் சான்றில் ஒரு சர்வே நம்பர் உட்பிரிவு மாறியிருப்பதைக் கண்டுபிடித்தவன் அவன். கட்சிக்காரம்மாவிடம் இரண்டே கேள்வி கேட்டான்: "கிணறு யார் பங்குலம்மா? வரப்பு எப்ப மாத்துனாங்க?"

யாராக இருந்தாலும் கறுப்பு கோட் போட ஒரே வழிதான். வக்கீலாகப் பதிவு செய்யும் என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125. அதற்கு மேல் வாங்கக் கூடாதென்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு பிராக்டிஸ் வேண்டும் என்று 2025 மே மாதம் மறுபடியும் தீர்ப்பு வந்திருக்கிறது. அந்த மூன்று வருஷம் ஜூனியருக்குக் கிடைக்கும் பணம் பெட்ரோலுக்கே சரியாக இருக்கும். கல்விக் கடனோடு வரும் பிள்ளையால் அதைத் தாங்க முடியாமல் கம்பெனி வேலைக்குப் போவதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆகவே என்னைக் கேட்டால்: ஆங்கிலம் சரளம், கொள்கை ஆய்வோ கார்ப்பரேட்டோ பிடித்திருக்கிறது, பணமோ உதவித்தொகையோ இருக்கிறது என்றால் கிளாட் எழுதட்டும். உள்ளூர் கோர்ட்டும் நீதிபதி வேலையும்தான் ஆசை என்றால் அரசுக் கல்லூரி போதும், கூடவே மூன்றாம் வருஷத்திலிருந்து நல்ல சீனியர் ஒருவரின் ஆபீஸ். சீர்மிகு சட்டப் பள்ளி, கிளாட்டைத் தவறவிட்ட நல்ல மார்க்குக்காரர்களுக்கு நியாயமான இடம், சென்னையில் வீடு இருந்தால்.

எதுவானாலும் சேர்க்கும் முன் ஒரு வேலை நாளில் மாலை நாலு மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள். மூட் கோர்ட் ஹாலைத் திறந்து காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே சட்ட உதவி மையம் எந்த அறை என்று கேட்டு, அங்கே இருக்கும் பதிவேட்டைப் புரட்டி, கடைசி மனு எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.