கவிழ்த்த கட்டரா, கையில் பிடிக்கும் ரம்பமா?

சொந்தமாக ஓர் அலமாரி செய்யலாம் என்று இறங்குகிறவர்கள் பலர் முதலில் வாங்குவது 4 அங்குல மார்பிள் கட்டர். மரம் அறுக்கும் பிளேடை மாட்டி, ப்ளைவுட் பலகைக்கு அடியில் கவிழ்த்துத் திருகிவிட்டால், பிளேடு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் டேபிள் சா (மேசை ரம்பம்) தயார். செலவு குறைவு, வெட்டும் நேராக வரும். நானும் இரண்டு வருடம் அதில்தான் அறுத்தேன்.

கட்டர் கல்லறுக்கப் பிறந்தது. நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று. பிளேடின் பல் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஓடுகிறது. கவிழ்த்தபின் பிளேடுக்கு மூடியே இல்லை. அதைவிட மோசம் சுவிட்ச். அதை எப்போதும் 'ஆன்' நிலையில் விட்டு, சுவரில் இருக்கும் பிளக்கில்தான் இயக்குகிறோம். ஒருநாள் பாதி வெட்டில் மின்சாரம் போனது. பலகையை உருவிவிட்டு, பிளேடைச் சுற்றிக் குவிந்திருந்த தூளை விரலால் வழித்தேன். கையை எடுத்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மின்சாரம் வந்து பிளேடு தானாகச் சுழன்றது. அன்று மாலையே மேசையைப் பிரித்துவிட்டேன்.

இப்போது என்னிடம் இருப்பது கையில் பிடித்து ஓட்டும் 7 அங்குல சர்க்குலர் சா (வட்ட ரம்பம்). விலையும் எடையும் கூடுதல்தான். ஆனால் விசையை விட்டால் மோட்டார் அணைகிறது, வெட்டு முடிந்ததும் ஸ்பிரிங் மூடி பிளேடை மறைக்கிறது, இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கின்றன. மேசையில் அப்படி இல்லை. பலகையைத் தள்ளும் கை பிளேடை நோக்கியே போகிறது. பலகை கொஞ்சம் கோணினால் பிளேடின் பின்பக்கப் பற்கள் அதைத் தூக்கி நம் மேல் எறியும். அந்த நொடியில் கை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. கம்பெனி மேசைகளில் வெட்டு இறுகாமல் இருக்க பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கும். அமெரிக்காவில் 2004 முதல் விற்பனைக்கு வந்த சாஸ்டாப் மேசை, சதை பட்டதும் சுமார் 5 மில்லி விநாடியில் பிளேடையே நிறுத்திவிடுகிறது. கவிழ்த்த கட்டரில் இரண்டும் கிடையாது.

சர்க்குலர் சாவும் உதைக்கும். பலகை நடுவில் தொய்ந்து வெட்டு இறுகினால் கருவியே பின்னால் பாயும். அதனால் 8 அடி ப்ளைவுட்டைத் தரையில் தெர்மகோல் விரித்து அதன்மேல் போட்டு அறுக்கிறேன். பிளேடு பலகைக்குக் கீழே 5 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். நேர்கோட்டுக்கு நானே செய்த ஜிக்: மெல்லிய ப்ளைவுட் பட்டையின் மேல் நேரான கட்டையை ஒட்டி, அதை அணைத்துச் சாவை ஒருமுறை ஓட்டினேன். அறுபட்ட விளிம்புதான் இனி வெட்டுக்கோடு. குறித்த கோட்டில் அதை வைத்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் (இறுக்கும் பிடி) போட வேண்டியதுதான்.

ஒல்லியான ரீப்பர் (மரச்சட்டம்) கீறுவதற்கு மட்டும் மேசையே மேல், அதுவும் தகடும் மூடியும் உள்ள மேசை. கடைசி ஒரு சாண் நீளத்தை விரலால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். கையுறை வேண்டாம், பிளேடு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். வளைவுக்கு ஜிக் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் கைமெஷின்) போதும். உள்ளங்கை அகலத் துண்டுகளை நான் எந்த மெஷினிலும் வைப்பதில்லை. சி-கிளாம்பில் இறுக்கி, கைரம்பத்தில் இரண்டு நிமிடம்.