பெண்டுலமா, செல் கடிகாரமா, கணினியா?

தட்கல் டிக்கெட் எடுப்பவர்களுக்கு விநாடியின் அருமை தெரியும். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்குத் திறக்கும். என் டெஸ்க்டாப் 40 விநாடி பின்தங்கியிருந்ததை அறியாமல், அது பத்து காட்டும்வரை காத்திருந்து அழுத்தினேன். வெயிட்டிங் லிஸ்ட். அன்றைக்கே வீட்டுக் கடிகாரங்கள் எல்லாவற்றையும் விசாரணைக்கு எடுத்துவிட்டேன்.

முதலில் தாத்தா காலத்துப் பெண்டுலம். சேலம் அம்மாபேட்டை வீட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை ஏற்காட்டு மாமனார் வீட்டில் மாட்டினோம். தினம் சில விநாடி பின்தங்கத் தொடங்கியது. பழுது ஒன்றுமில்லை. சேலத்தைவிட ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே புவியீர்ப்பு ஒரு துளி குறைவு, ஆட்டமும் மெதுவாகும். அதனால் மட்டுமே நாளுக்குப் பத்து விநாடிக்குமேல் போய்விடும். மலைக்குளிரில் இரும்புத் தண்டு சுருங்கி, டிகிரிக்கு அரை விநாடி வீதம் கொஞ்சம் திருப்பித் தருகிறது. மீதிக்குக் குண்டின் அடியிலுள்ள திருகை ஏற்ற வேண்டும். வாராவாரம் சாவியும் கொடுக்க வேண்டும். அழகுக்கு முதல் மதிப்பெண், நேரத்துக்குக் கடைசி.

செல் போடுகிற குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு உயரம் பொருட்டே இல்லை. உள்ளே இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்கு 15 விநாடி முன்பின் என்றால் நல்ல கடிகாரம். இதற்குப் பகை வெப்பநிலை. சுமார் 25 டிகிரிதான் அதற்குப் பிடித்த இடம். சூடு ஏறினாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும்! மே மாதத்தில் எங்கள் தறிக்கொட்டகை ஷீட்டுக்கு அடியில் 40 டிகிரி என்றால், அதனால் மட்டும் மாதம் 20 விநாடி வரை போகும்.

கணினி பெரிய அறிவாளி என்று நினைத்திருந்தேன். இன்டர்நெட் இல்லாவிட்டால் அதுவும் ஒரு செல் கடிகாரம்தான். அதே வகைப் படிகம், மதர்போர்டில் ஒரு 3 வோல்ட் பட்டன் செல். செல் தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய், இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். ஆனால் இணைப்பு இருந்தால் கதை வேறு. அமெரிக்கக் கணினி விஞ்ஞானி டேவிட் மில்ஸ் உருவாக்கி 1985-இல் வெளியான என்டிபி (நெட்வொர்க் டைம் புரோட்டோகால்) முறையில், கணினி சர்வரிடம் நேரம் கேட்கிறது. கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரத்தை அளந்து, பாதியைப் பதிலின் பயண நேரமாக வைத்து, வந்த நேரத்தோடு கூட்டிக்கொள்கிறது. சாதாரண வீட்டு இணைப்பிலேயே பிழை விநாடியில் நூற்றில் சில பங்குதான். என் டெஸ்க்டாப்பில் இந்த ஆட்டோமேட்டிக் வசதி அணைந்து கிடந்திருக்கிறது. இப்போது இந்திய நேரத்தைப் பராமரிக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரைக் கொடுத்திருக்கிறேன்.

டிவி, ரேடியோ ஆப் பார்த்து நேரம் வைக்கலாமே என்பார்கள். வேண்டாம், இரண்டும் சில விநாடி தாமதமாகத்தான் வந்து சேரும். ஜெர்மனியிலிருந்து உறவினர் கொண்டுவரும், ரேடியோ அலையைப் பிடித்துத் தானே நேரம் திருத்திக்கொள்ளும் கடிகாரத்துக்கும் அந்நாட்டு 77.5 கிலோஹெர்ட்ஸ் அலை இங்கே எட்டாது. வெறும் குவார்ட்ஸாகத்தான் ஓடும்.

சரி, என் தீர்ப்பு: தட்கலுக்குக் கணினி, தறிக்கொட்டகைக்குக் குவார்ட்ஸ், மாதம் ஒருமுறை போனைப் பார்த்துத் திருத்தினால் போதும். ஏற்காட்டுப் பெண்டுலத்தின் திருகை மாமனார் தொடவே விடுவதில்லை. பஸ் பிடிக்க வசதியாக அதை எப்போதும் ஐந்து நிமிடம் முந்தியே வைத்திருக்கிறார். அங்கே போய்ப் பத்து விநாடிக் கணக்கை நான் எடுப்பதில்லை.