ஹெர்னியா ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அம்மாவுக்கு வலது தொடை இடுக்கில் சின்னதாக ஒரு வீக்கம். நின்றால், இருமினால் தெரியும். படுத்தால் உள்ளே போய்விடும். ஹெர்னியாவா, அதாவது குடலிறக்கமா என்று பார்க்கச் சொல்லி டாக்டர் அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்தார். மதுரையில் ஊரெல்லாம் போர்டு வைத்திருக்கும் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம்.

மல்லாக்கப் படுக்க வைத்து ஈரல், பித்தப்பை, கிட்னி என்று வழக்கமான வயிற்று ஸ்கேனை எடுத்து அனுப்பிவிட்டார்கள். "இங்கதாங்க வீங்குது" என்று அம்மா கை வைத்துக் காட்டியதற்கு, "எல்லாம் சேர்த்துத்தான்மா பார்க்கிறோம்" என்று பதில். நிற்கச் சொல்லவில்லை, இருமச் சொல்லவில்லை, உடம்பில் வைத்துப் பார்க்கும் ப்ரோப் அந்த இடத்துக்கு வரவே இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் "ஹெர்னியா இல்லை" என்று எழுதியிருக்கிறது.

அதே ரிப்போர்ட்டில் இன்னொரு வரி: கர்ப்பப்பை இயல்பாக இருக்கிறதாம், சென்டிமீட்டர் அளவோடு. அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துப் பல வருஷம் ஆகிறது! வேறு யாருக்கோ அடித்ததில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்றுதானே நினைக்க வேண்டியிருக்கிறது? திரும்பப் போய்க் கேட்டால், "டைப்பிங் மிஸ்டேக் சார், இதைக் கொடுங்க, வேற அடிச்சுத் தர்றோம். சந்தேகமா இருந்தா சிடி ஸ்கேன் எடுத்துடுங்க" என்கிறார்கள். தயவுசெய்து ஒரிஜினல் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

பிறகு போன வேறு இடத்தில் ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் பார்க்கும் டாக்டர்) அம்மாவை முதலில் நிற்க வைத்துத்தான் பார்த்தார். உள்ளுறுப்புகளுக்கு வைக்கும் வளைந்த ப்ரோப் இல்லை, தோலுக்கு அடியில் இருப்பதைத் தெளிவாகக் காட்டும் நேரான ப்ரோப். "வாயை மூடிட்டு முக்குங்கம்மா" என்றார். தொடை ரத்தக்குழாயை ஒட்டி ஏதோ கீழே நழுவி வந்தது எங்களுக்கே திரையில் தெரிந்தது. தொடைக் குடலிறக்கம். பெண்களுக்குத்தான் இது அதிகம் வரும். குடல் இறங்கி வரும் துவாரம் குறுகலாக இருப்பதால் குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றுபோகிற ஆபத்தும் அதிகம், தள்ளிப்போடக் கூடாது என்று சர்ஜன் சொன்னார். மெஷ் (வலை) வைத்து ஆபரேஷன் முடிந்து அம்மா நலமாக இருக்கிறார். அந்த முதல் ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருந்திருந்தால் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

சிடியும் படுக்க வைத்து எடுப்பதுதான். முக்கச் சொல்லி எடுக்காவிட்டால் சின்ன ஹெர்னியா அதிலும் தப்பிவிடலாம், கதிர்வீச்சு வேறு. பழைய ஆபரேஷன் தழும்பில் வரும் பெரிய ஹெர்னியாவுக்கு சர்ஜனே சிடி கேட்பார், அது நியாயம். சர்ஜன் கையால் தொட்டே உறுதியாகச் சொல்லும் தொடை இடுக்கு ஹெர்னியாவுக்குப் பெரும்பாலும் ஸ்கேனே வேண்டாம். வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி ஆகி, வலியும் வாந்தியும் வந்தால் ஸ்கேன் சென்டருக்குப் போகாதீர்கள். நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.

பில், இரண்டு ரிப்போர்ட் எல்லாம் இணைத்து மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷம் அவகாசம் உண்டு. அதற்கும் பேப்பர் தயாராகிறது.