11,500 ரூபாயும் அக்காவின் ரூபியும் போச்சு: பழைய கேம் பாயை மாட் செய்ய (பாகங்களை மாற்றிப் புதுப்பிக்க) கொடுப்பவர்கள் படிக்கவும்

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்குப் பார்சல் வந்தது. இப்போது காலை ஆறு மணி. இடையில் தூங்கவில்லை, அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

என்னிடம் கேம் பாய் அட்வான்ஸ் என்று கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் கருவி ஒன்று இருந்தது. 2003-இல் மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒன்றாக வாங்கி வந்தார். அந்த வருடம்தான் மடிக்கும் மாடலான எஸ்பி வந்திருந்தது. அதனால் பழைய மாடலை விலை குறைத்துக் கொடுத்தார்களாம். கூடவே பொக்கிமான் ரூபி என்ற ஆட்டம் இருக்கும் கார்ட்ரிட்ஜ், கருவியில் செருகுகிற சின்னப் பெட்டி. என்னைவிட அக்காதான் அதிகம் விளையாடினாள். ஆட்டத்தில் வளர்ப்பதற்கு முதலில் கிடைத்த டார்ச்சிக் என்ற பொக்கிமானுக்கு 'குண்டு' என்று பெயர் வைத்து, அதை லெவல் நூறு வரை கொண்டுபோனாள். இப்போது அவள் கனடாவில் இருக்கிறாள். போன மாதம்கூட வீடியோ காலில் "டேய், குண்டு பத்திரமா இருக்காளா?" என்று கேட்டாள்.

இந்தக் கருவியின் பெரிய குறை திரைதான். 2001-இல் வந்த அட்வான்ஸில் திரைக்கு விளக்கு கிடையாது. டியூப் லைட்டுக்கு நேர் கீழே, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் ஏதாவது தெரியும். கரண்ட் போனால் ஆட்டம் முடிந்தது. இந்தக் கடுப்பு எங்களுக்கு மட்டுமில்லை. 2002-லேயே அமெரிக்காவில் ஆஃப்டர்பர்னர் என்று ஒரு கிட் வந்தது. வாங்கியவர்கள் வீட்டிலேயே கருவியைப் பிரித்து, திரைக்கு மேல் விளக்கைப் பொருத்திக்கொண்டார்கள். இப்போது அதெல்லாம் தாண்டி, பழைய திரையையே கழற்றிவிட்டு ஐபிஎஸ் என்ற பளிச்சென்று எரியும் புதுவகைத் திரை போடுகிறார்கள். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் எல், ஆர், செலக்ட் பொத்தான்களுக்குப் போகும் இடங்களில் மூன்று சின்ன ஒயர் வைத்துச் சோல்டர் செய்ய (ஈயத்தை உருக்கி ஒட்ட) வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானிலேதான் நான் மாட்டினேன். 2020 ஊரடங்கில் மூன்று முனை ஸ்குரூ டிரைவர் வாங்கி, கருவியைத் திறந்து பொத்தான்களைத் துடைத்திருக்கிறேன். ஆனால் சோல்டரிங் அயர்னைப் பிடித்தால் எனக்குக் கை நடுங்கும். மாமா வாங்கித் தந்த பொருளில் போய்ப் பழகவும் மனசு வரவில்லை. அன்றைக்குத் திறந்தபோது போர்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்தேன். இந்த முழுக் கதையிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

படம் பகிரும் ஆப் ஒன்றில் பக்கம் வைத்து, பழைய கேம் கருவிகளை மாட் செய்து தருகிற ஆள். கடையென்று முகவரி எதுவும் கிடையாது, வேறு ஊர். பெயரைப் போடப் போவதில்லை. பக்கத்தில் நூற்றுக்கணக்கில் படங்கள்: ஊதா நிறத்தில் உள்ளே எல்லாம் தெரிகிற ஷெல் (வெளிக்கூடு), பொன்னிறப் பொத்தான்கள், மேசையில் வரிசையாக அடுக்கிய கருவிகள். விலை கேட்டேன். திரை கிட் 5,800, ஷெல் 1,900, சார்ஜ் ஏற்றும் பேட்டரி 2,100, கூலி 1,500, திருப்பி அனுப்பும் கூரியர் 200. மொத்தம் 11,500. பாதி முன்பணம் என்றுதான் பேச்சு. அப்புறம், "ப்ரோ, கிட் ஆர்டர் இன்னைக்குப் போடுறேன், முழுசா போட்டீங்கன்னா எல்லாம் ஒரே பார்சல்ல வந்துரும், இல்லேன்னா இன்னும் இருபது நாள் ஆகும்" என்றார். மீதியையும் யுபிஐயில் அனுப்பினேன்.

ஏன் நம்பினேன் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். இரண்டு விஷயம். ஒன்று, ஒரு குரல் பதிவு. அவருடைய அண்ணனும் அவரும் சின்ன வயதில் இதே மாடலை மாற்றி மாற்றி விளையாடினார்களாம், இப்போது அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறாராம். "உங்க ஃபீலிங் எனக்குப் புரியுது ப்ரோ, பின்னாடி இருக்கிற சீரியல் நம்பர் ஸ்டிக்கரைக்கூடக் கிழியாம எடுத்து புது ஷெல்லுல ஒட்டித் தர்றேன்." இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. வெட்கமாக இருக்கிறது. அக்கா கதையை அதற்கு முன்னாலேயே நான்தான் அவரிடம் உளறியிருந்தேன்.

இரண்டாவது, வேலை செய்கிற வீடியோ. கை மட்டும் தெரிகிறது. ஒயரை டுவீசரில் பிடித்து ஒரே தொடலில் ஒட்டுகிற நேர்த்தி. நேற்று அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறது. நின்ற வாக்கில் இரண்டு தட்டைப் பிளவு, கீழே அரைவட்டமாக ஓர் ஓட்டை. நம்மூர் வீட்டில் எங்கே ஐயா அப்படிப் பிளக் இருக்கிறது? எவனோ அமெரிக்காக்காரன் எடுத்த வீடியோ.

கருவியை அனுப்பும்போது, "டெஸ்ட் பண்ண ஒரு ஒரிஜினல் கார்ட்ரிட்ஜும் வைங்க ப்ரோ" என்றார். மாட் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவனிடம் டெஸ்ட் செய்ய ஒரு கார்ட்ரிட்ஜ்கூட இருக்காதா என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை? ரூபியை ஒரு துணியில் சுற்றி வைத்தேன். பொம்மை, மதிப்பு 500 ரூபாய் என்று கூரியரில் எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன்.

அப்புறம் மூன்று மாதம். முதலில் கிட் கஸ்டம்ஸில் நிற்கிறது. அடுத்து ஷெல் நிறம் மாறி வந்துவிட்டது. அடுத்து பாட்டிக்கு உடம்பு சரியில்லை, அதற்கு நான் ஆறுதல் வேறு சொன்னேன். ஆகஸ்டில் பத்து நாள் பதிலே இல்லை, நீல டிக் மட்டும். அந்தப் பத்து நாளும் அவர் பக்கத்தில் தினம் ஸ்டோரி வந்துகொண்டிருந்தது.

நேற்று வந்தது. பெட்டியைத் திறந்ததும், சொல்லத்தான் வேண்டும், ஒரு நிமிடம் எல்லாக் கோபமும் போய்விட்டது. ஊதா ஷெல் பளபளவென்று இருந்தது. திரை எரிந்தது. ரூபியைச் செருகினேன். எங்கள் கார்ட்ரிட்ஜில் பேட்டரி தீர்ந்து பல வருடம் ஆகிறது. போட்டவுடன், உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது, விளையாடலாம், கடிகாரத்தைச் சார்ந்தவை மட்டும் நடக்காது என்று ஒரு செய்தி வரும். நேற்று அது வரவில்லை. அடடா, கேட்காமலே பேட்டரி மாற்றிக் கொடுத்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். ஸ்டார்ட் அழுத்தினேன். புது ஆட்டம் என்ற வரி இருந்தது. தொடர என்ற வரியே இல்லை.

ரூபியில் அந்தப் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். சேவ், அதாவது அதுவரை ஆடியதன் பதிவு, தனியாக ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும், பேட்டரியை மாற்றினாலும் அழியாது. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரிஜினலில் கீழ் விளிம்பில், பித்தளை நிறப் பட்டைகளுக்கு மேலே, போர்டில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். ஸ்டிக்கரில் இரண்டு இலக்க எண் ஒன்று மையில்லாமல் அழுத்திப் பதிந்திருக்கும். இதில் இரண்டும் இல்லை. டூப்ளிகேட்.

அதற்குப் பிறகு கருவியையும் திறந்தேன். என் போர்டில் திரை ஒயர் செருகுகிற சாக்கெட்டில் நாற்பது பின், 2020 போட்டோவில் எண்ணிக்கொள்ளலாம். வந்திருப்பதில் முப்பத்திரண்டு. பேட்டரிக் கம்பிகள் பக்கம் பச்சைப் பாசி பூத்திருக்கிறது, ஏதோ ஒரு காலத்தில் செல் கசிந்த போர்டு. வெளிச்சத்தைக் கூட்டினால் கருவி அணைந்துவிடுகிறது. சீரியல் ஸ்டிக்கர் மட்டும் என்னுடையதுதான், சொன்னபடி கிழியாமல் ஒட்டியிருந்தார்!

இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். பணம் வாங்கும்வரை ப்ரோ, இப்போது சார். "சார் நீங்க அனுப்பினதே இதுதான்." பின் எண்ணிக்கையைச் சொன்னேன். "நீங்க பேக் பண்ணும்போது வீடியோ எடுத்தீங்களா சார்?" இல்லை. "அப்போ நாங்க என்ன பண்ண முடியும் சார்." கார்ட்ரிட்ஜைப் பற்றிக் கேட்டதற்கு, பார்சலில் கார்ட்ரிட்ஜே வரவில்லை, இது அவர்கள் அன்பாகப் போட்டுக் கொடுத்த இலவசமாம். கடைசியாக வந்த செய்தி: அடுத்த மாட்டுக்கு பத்து சதவீதம் தள்ளுபடி. பதில் அடித்து முடிப்பதற்குள் பிளாக் செய்துவிட்டார். 11,500 ரூபாய். என் பொருளைத் திருடிக்கொள்ள நானே கொடுத்த கூலி 11,500 ரூபாய்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன், கை ஓயவில்லை ஆனால் மனசு ஓய்ந்துவிட்டது. சட்டென்று தோன்றுவது இதுதான்: முழுப் பணம் முன்னால் கொடுக்காதீர்கள். கருவியைத் திறக்கத் தெரிந்தால் போர்டைப் படம் எடுங்கள், பேக் செய்வதையும் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். கூரியரில் உண்மையான மதிப்பை எழுதுங்கள். கார்ட்ரிட்ஜை யாருக்கும் அனுப்பாதீர்கள், யாருக்கும். பணம் போனது தெரிந்தவுடன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், நானும் இதை முடித்துவிட்டு அதைத்தான் செய்யப் போகிறேன். வீடியோ அனுப்பினால் சுவரைப் பாருங்கள்.

இன்னொன்று. பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கி விற்பவர்கள் இதைப் படித்தால், எங்காவது ரூபி ஒன்று கைக்கு வந்து, ஸ்டிக்கரின் வலது மூலை கொஞ்சம் உரிந்திருந்து, சேவில் ஆடுபவர் பெயர் செல்வி என்றும் முதல் பொக்கிமான் குண்டு என்றும் இருந்தால், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் கேட்கிற விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா கால் போடுவாள்.