கோல்ட் ஃபிஷ் கறுத்தால் உடனே மருந்து வாங்கி ஊற்றாதீர்கள்

850 ரூபாயும் ஒரு மீனும் போன பிறகு எழுதுகிறேன். கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருப்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். அதில் ஒரு கடை, பெயர் வேண்டாம். இரண்டடித் தொட்டி, மூன்று கோல்ட் ஃபிஷ், எல்லாம் அங்கேதான் வாங்கினேன். "இன்னைக்கே தண்ணி ஊத்தி மீன விட்டுடலாம் தம்பி" என்றார். வினை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நாலாவது வாரம் ஒரு மீனுக்கு வால் ஓரமும் துடுப்பு நுனியும் மை தொட்டு இழுத்த மாதிரி கறுத்தன, அப்புறம் முதுகில் ஒரு திட்டு, வாயைச் சுற்றி மீசை மாதிரி ஒரு கோடு. மீன் என்னவோ நன்றாகத்தான் சாப்பிட்டது. மொபைலில் படம் எடுத்துப் போய்க் காட்டினேன். தொட்டி வைத்து எத்தனை நாள், போர் தண்ணீரா மெட்ரோ தண்ணீரா, ஒரு கேள்வி கிடையாது. "பிளாக் ஸ்பாட், மத்ததுக்கும் ஒட்டிக்கும்" என்று மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து ஒரு பாட்டில், ஏதோ கேப்ஸ்யூல் ஒரு அட்டை, கூடவே "ஃபில்டர் ஸ்பாஞ்ச குழாய்த் தண்ணியில பளிச்சுனு கழுவிடுங்க" என்று இலவச ஆலோசனை.

அப்படியே செய்தேன். நாலாம் நாள் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. மறுநாள் காலை ஒன்று மிதந்தது.

ஆபீஸில் பல வருஷமாக மீன் வளர்க்கும் ஒரு அண்ணன், நீலம் போகும்வரை தண்ணீரை மாற்றச் சொல்லிவிட்டு தண்ணீரில் அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட்டோடு வந்தார். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக இருக்க வேண்டிய சோதனைக் குழாய், கரும்பச்சை. புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகுமாம், அதுவரை மீன் கழிவின் அம்மோனியா தோலைச் சுடும், சுட்ட இடம் ஆறும்போதுதான் கறுக்குமாம். அதாவது நான் பதறிப் போய்க் காட்டியது ஆறிக்கொண்டிருந்த புண்ணை. ஸ்பாஞ்சில் அப்போதுதான் குடியேறிய பாக்டீரியாவை மருந்தும் குளோரின் தண்ணீரும் சேர்த்து ஒழித்ததில் அம்மோனியா மறுபடி ஏறிவிட்டது.

நிஜமான பிளாக் ஸ்பாட் குண்டூசித் தலை அளவுப் புள்ளிகளாக வரும், இப்படித் தீற்றலாக வராது. அது ஒரு புழுவால் வருவது, அந்தப் புழுவின் வாழ்க்கைச் சுற்று முடிய நத்தையும் வேண்டும், மீன் தின்னும் கொக்கு மாதிரி ஒரு பறவையும் வேண்டும். எங்கள் வீட்டு ஹாலுக்குக் கொக்கு வருவதில்லை.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "மீன்னா சாகத்தான் செய்யும், ஜோடியா எடுத்துக்குங்க, கம்மி பண்ணித் தர்றேன்" என்றார்.

மருந்தை நிறுத்தி, குளோரின் நீக்கிய தண்ணீராகப் பார்த்து தினம் மூன்றில் ஒரு பங்கு மாற்றி, தீனியைக் குறைத்து, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினேன். மூன்று வாரத்தில் கறுப்பு முக்கால்வாசி போய்விட்டது. இயல்பாகவே நிறம் மாறும் கோல்ட் ஃபிஷும் உண்டு, அதனால் எதையும் ஊற்றுவதற்கு முன் அம்மோனியாவைப் பாருங்கள். தொட்டி மூலையில் சிலிகான் மட்டும் இன்னும் நீலமாகவே இருக்கிறது, அது போகாதாம்.